ஆறாவது கையெழுத்து

பெயர்களை எழுதுவதற்கென்று சேர் தனியாக ஒரு பேனை வைத்திருந்தார். ஆய்வுக் கட்டுரை முழுவதையும் நீலக் குமிழ்முனைப் பேனையால்தான் எழுதுவார். அடித்து, திருத்தி, ஓரத்தில் அம்புக்குறி இழுத்து, தட்டச்சு செய்பவர் பெருமூச்சு விடும் அளவுக்குத் தாள்களைக் கலக்கி வைப்பார். ஆனால் தலைப்புக்குக் கீழே ஒரு வரி மட்டும் கடைசி வரை வெறுமையாகக் கிடக்கும். கட்டுரை தபாலுக்குப் போகிற நாளன்று மேசை லாச்சியைத் திறந்து, கறுப்பு மைப் பேனையை எடுத்து, முனையைக் காகிதத் துண்டில் உரசிப் பார்த்து, அந்த வரியை நிரப்புவார். அப்போது அவர் முகம் மாறிவிடும். ஆராய்ச்சியாளரின் முகம் போய், கல்யாண வீட்டில் யாரை முதல் பந்தியில் உட்கார வைப்பது என்று கணக்குப் போடும் பெண்வீட்டாரின் முகம் வந்துவிடும்.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. நிவித்திகலைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் ஆராய்ச்சி அதிகாரி. நான் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்துவிட்டு வந்த கள உதவியாளர். தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து, தண்டைப் பிளந்து, உள்ளே எத்தனை பூச்சி, எத்தனை துளை என்று எண்ணி எழுதுவது என் வேலை. அட்டை கடித்த காலோடு வந்து மாலையில் அந்த எண்களைச் சுத்தமாகப் படியெடுத்து அவர் மேசையில் வைப்பேன். அவர் மலையில் இறங்கியதை நான் பார்த்தது வெளிநாட்டிலிருந்து யாராவது வந்த நாட்களில்தான். அன்றைக்கும் சப்பாத்து நனையாத பாதையாகப் பார்த்துத்தான் நடப்பார்.

அந்தக் கறுப்பு வரியில் யார் யாரெல்லாம் ஏறினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஜீப் தந்த தோட்டத்துப் பெரிய துரை ஏறினார். பதவி உயர்வு நேர்முகத்தில் உட்காரப்போகிற கொழும்பு அதிகாரி ஏறினார். ஒருமுறை, விவசாயத்தில் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்த சேரின் மைத்துனர் ஏறினார். அவர் எங்கள் நிலையத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவை, ரம்புட்டான் வாங்குவதற்கு. கட்டுரை அச்சாகி வந்தபோது சேர் என்னைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் பெட்டியை நீட்டினார். "உம்மட கை இல்லாட்டி இந்தக் கட்டுரை இல்லைப் பிள்ளை" என்றார். நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு ஓடினேன். வரிசையில் இருந்த ஆறு வீட்டுக்கும் பங்கு வைத்தேன். அப்பா ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பொஸ்தகத்துல ஒம் பேரு போட்டாங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் படிச்ச ஆளுங்க பேருப்பா" என்றேன். சேரை இன்று இகழ்ந்து எழுதுகிற நான், அந்தப் பதிலைச் சொன்னவளையும் கொஞ்சம் சேர்த்தே இகழவேண்டும்.

பிறகு எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. பலாங்கொடைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தேன். கல்யாணம் முடித்தேன், ஒரு மகள் பிறந்தாள். சேர் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேராசிரியரானார். மகளுக்கு அதே பல்கலைக்கழகம் கிடைத்தபோது நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். இறுதி வருட ஆய்வுக்கு யாரை மேற்பார்வையாளராக எடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "தெரிஞ்ச சேர் இருக்கும்போது வேற யாரு புள்ள?" என்று முடித்து வைத்தவளும் நான்தான். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பலவீனம். ஆஸ்பத்திரியோ, பிரதேச செயலகமோ, பள்ளிக்கூடமோ, உள்ளே தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் நம்மை எதற்குத் தெரிந்து வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

மகள் எடுத்துக்கொண்டது பச்சை மரத்தைத் தின்னும் கறையானை. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று தேயிலை மலைகளைத் தெரிந்தெடுத்து, செடிகளுக்குப் பெயின்ட் அடித்து இலக்கமிட்டு, பரீட்சைக் காலத்தில்கூடத் தவறாமல் மாதாமாதம் போய்ப் பார்த்தாள். அந்தத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மார் இருவர், மழை நாளில் வெட்டிய செடியில்தான் கறையான் கூடுதலாக இறங்குகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எந்த மாதத்தில் வெட்டிய செடி, வெட்டுவாயில் தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது, எப்போது தண்டு செத்தது என்று கொப்பி கொப்பியாக எழுதினாள். அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அந்த இரண்டு அண்ணன்மாரின் பெயரும் இருக்கிறது. யார் எதைச் சொன்னார் என்பதுகூட இருக்கிறது. "இவ்வளவு விவரம் எதுக்கு?" என்று கேட்டேன். "அவங்க சொல்லாட்டி எனக்கு என்ன தெரியும்மா?" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கியது பேராசிரியருக்கு விளங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு நன்றாக விளங்கும். அதனால்தான் தனிப் பேனை வைத்திருந்தார்.

இனிச் சொல்லப்போவது நான் செய்த வேலை. அவள் பட்டம் பெற்ற வருடம், விஜயதசமியன்று காலை சேர் தொலைபேசியில் அழைத்தார். பலாங்கொடையில் ஒரு கூட்டத்துக்கு வருகிறாராம், திரும்பும்போது வீட்டுக்கு வந்து மகளின் களக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு போவாராம். கொப்பிகள் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பூவும் சந்தனமுமாக அடுக்கியிருந்தன. மகள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாள். நான் விடவில்லை. "கும்புட்டு வச்ச கொப்பியப் போட்டோ புடிப்பியா? சேர் வந்து பாத்தா என்னா நெனப்பாரு? அவர நம்பலேன்னுதானே?" என்று அதட்டினேன். தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் வாழைப்பழச் சீப்பு வைத்து, அதற்குப் பக்கத்தில் ஏழு கொப்பிகளையும் அடுக்கி, மகளின் கையால் கொடுக்க வைத்தேன். காலில் விழுந்து கும்பிடவும் வைத்தேன். சேர் வாழைப்பழத்தை வாசலிலேயே விட்டுவிட்டுக் கொப்பிகளை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டார். "பிள்ளை என்ட பிள்ளை மாதிரி" என்றார். உலகத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளையின் ஒரே சாட்சியை இவ்வளவு பக்தியோடு தாரைவார்த்திருக்க மாட்டாள்.

அடுத்த வருடம் மகள் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தாள். தன் ஆய்வேட்டிலிருந்து ஓர் அத்தியாயத்தைச் சுருக்கி எழுத்து மாதிரியாக அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவள் அனுப்பியதன் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியான ஒரு கட்டுரையில் அப்படியே இருக்கிறது, இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டிருந்தார்கள். பணிவான ஆங்கிலம். அர்த்தம் மட்டும், நீ திருடியா என்பதுதான். அவள் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தாள். நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கைத்தொலைபேசித் திரையில் பார்த்தோம். அவளுடைய படங்கள். அவளுடைய வாக்கியங்கள். தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள். முதலாவது சேர். பிறகு துறைத் தலைவர், தோட்டத்து மனேஜர், சேரின் வெளிநாட்டு நண்பர் ஒருவர். ஐந்தாவது பெயரின் முதலெழுத்துகளைப் பார்த்துவிட்டு மகள் சிரித்தாள். அது சேரின் மகன். கொழும்பில் கணினி படித்தவன். வெளிநாட்டில் விவசாயத் தரவு சம்பந்தமாக ஏதோ படிக்க அவனும் விண்ணப்பித்துக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. "கறையானுக்கு எத்தனை கால்னு கேளுங்கம்மா அவன்கிட்ட" என்றாள். கடைசிப் பக்கத்து நன்றியுரையில், களத்தில் உதவிய மாணவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் நன்றி என்று ஒரு வரி. அவளும் அந்த இரண்டு அண்ணன்மாரும் அதற்குள் இருக்கிறார்களாம், பெயரில்லாமல்.

நாங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போது, சேரிடம் பணிவாகப் பேசு என்று மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். மரியாதையால் அல்ல, பயத்தால். சேர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மகள் கட்டுரையின் அச்சுப் பிரதியை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் என்னிடம்தான் பேசினார்.

"இஞ்ச பாரும், இது தனி ஆளின்ட வேலை இல்லை. பரிசோதனைச் சாலை ஆரின்ட? என்ட. தோட்டத்துக்குள்ள விட்டது ஆர்? மனேஜர். எல்லாருக்கும் ஒரு பங்கு குடுக்கத்தானே வேணும்."

"சேர், எழுதினது நான்" என்றாள் மகள்.

"எழுதினது பெரிய காரியமே பிள்ளை? இங்கிலீசு தெரிஞ்ச ஆரும் எழுதலாம்."

பிறகு அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். அதற்காகத்தான் நான் அவரை மன்னிக்கவில்லை. "உங்கட தோட்டத்தில நீங்கள் செய்யிறேல்லையே? ஒருத்தி பறிச்ச கொழுந்தை இன்னொருத்தியின்ட சாக்கில போட்டு நிறுக்கிறேல்லையே? அப்ப ஒருத்தரும் என்ட கொழுந்து, உன்ட கொழுந்து எண்டு சண்டை பிடிக்கேல்லைத்தானே?"

நிலையத்தில் இருந்த காலத்தில் அவர் இதைப் பார்த்திருக்கிறார். உண்மைதான். ஒருத்திக்கு மாசமாக இருக்கும், ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருக்கும், அவளுடைய நிறை குறையும், அன்றைய கூலியும் குறையும். பக்கத்து நிரையில் பறிக்கிறவள் தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளி அவளுடைய சாக்கில் போடுவாள். இன்னொருத்தி இரண்டு பிடி போடுவாள். கங்காணி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி வெற்றிலை போடுவார். என் அம்மா என்னைச் சுமந்தபோது அவளுடைய சாக்கு அப்படித்தான் நிறைந்தது. அந்தப் பிடிக் கொழுந்தை இந்த மனிதர் தன் மகனின் பெயருக்கு முட்டுக் கொடுக்கக் கொண்டுவந்தார்.

"சேர், நாங்க கொறையிற ஆளு சாக்குலதான் போடுவோம்" என்றேன். "தொரை சாக்குல யாரும் போட்டதில்லைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் முந்தி இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள், "அம்மா, தொரை சாக்குன்னீங்க பாருங்க, அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யாருக்காவது கேட்டுவிடுமோ என்று நான் பல்கலைக்கழக வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் அந்தக் கட்டுரை வெளியான சஞ்சிகைக்கு எழுதினாள். நூலகத்தில் இருக்கும் தன் ஆய்வேட்டின் திகதி கட்டுரைக்கு முந்தியது என்று காட்டினாள். சேர் தன் பதிலில், தரவெல்லாம் தன்னுடையது என்றும் மாணவியிடம் எழுதக் கொடுத்தது தான்தான் என்றும் எழுதினார். அப்படியானால் களக் கொப்பிகளைக் காட்டுங்கள், யாருடைய கையெழுத்து என்று பார்க்கலாம் என்று சஞ்சிகைக்காரர்கள் கேட்டார்கள். கொப்பிகள் இரத்தினபுரி வெள்ளத்தில் போய்விட்டனவாம். சேரின் வீடு இருக்கிற மேடு எனக்குத் தெரியும். அந்த மேட்டுக்கு வெள்ளம் ஏற வேண்டுமென்றால் கீழே இரத்தினபுரி நகரமே முழுகிப்போயிருக்க வேண்டும். வெள்ளத்தில் உண்மையாகவே வீடும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய துயரத்தைக்கூட அவர் தன் கட்டுரைக்கு இரவல் எடுத்துக்கொண்டார்.

கொப்பி இல்லாமல் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கச் சஞ்சிகையால் முடியவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். ஆறாவதாக மகளின் பெயரைச் சேர்த்துத் திருத்தம் வெளியிடுவார்கள். அதற்கு ஆறு பேரும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். ஒருவர் வைக்காவிட்டாலும் கட்டுரையே விலக்கப்படும். மற்ற ஐந்து பேரின் கையெழுத்தும் ஒரே நாளில் வந்துவிட்டது. மகளின் பெயர் ஏறினால் அவள் திருடி இல்லை என்று ஆகிவிடும், அவளுடைய விளக்கத்துக்காக நிறுத்தி வைத்திருந்த புலமைப்பரிசிலும் பிழைக்கும். படிவத்தை அனுப்பும் கடைசித் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். மகள் படிவத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"கையெழுத்துப் போடு புள்ள."

"என்னா எழுதியிருக்குன்னு பாத்தீங்களாம்மா?"

எடுத்து வாசித்தேன். இங்கே பெயர் குறிப்பிட்ட அனைவரும் இந்த ஆய்வில் உண்மையாகப் பங்களித்தார்கள் என்று கையொப்பமிடும் நான் உறுதி கூறுகிறேன் என்பது அதன் சாரம்.

"என் பேரு ஆறாவதா வாறது எனக்குப் பரவாயில்லம்மா. ஆனா இதுல போட்டா, அந்தப் பையன் மலைக்கு வந்தான், வேல செஞ்சான்னு நான் சாட்சி சொன்ன மாதிரி. நாளைக்கு யாரும் கேட்டா, அந்தப் புள்ளயே கையெழுத்து வச்சிருக்குன்னு காட்டுவாங்க. கவ்வாத்து அண்ணனுங்க பேருகூட அதுல இல்ல."

"ஒரு வருசம் போயிருமே..."

"போகட்டும்மா."

"ஒரு வருசமா போகும்? அவங்க மறுபடியும் கூப்புடுவாங்கன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலதான்" என்றாள். அவ்வளவுதான். போய்த் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவளைக் கெஞ்சினேன், திட்டினேன், கொழும்பில் வேலை செய்கிற அவள் அப்பாவை விட்டுப் பேசச் சொன்னேன். சேரை நான் எவ்வளவு வெறுத்தாலும், அந்தப் படிவத்தில் அவருடைய மகனின் பெயருக்குக் கீழே என் மகளின் பெயர் வந்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தேன். பயப்படுகிற தாய்க்கு வெறுப்பும் ஓர் ஆடம்பரம். அவள் கையெழுத்து வைக்கவில்லை. கட்டுரை விலக்கப்பட்டது. புலமைப்பரிசில்காரர்கள் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது. மகள் இப்போது பலாங்கொடையில் ஒரு தனியார் வகுப்பில் படிப்பிக்கிறாள். மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டால் இன்றைக்கும் கையிலிருப்பதை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

கடைசித் திகதிக்கு முதல்நாள் பின்னேரம் சேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் வீட்டில் இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் குரலில் நான் ஒருபோதும் கேட்டிராத ஒன்று இருந்தது.

"பிள்ளையிட்ட நீர் ஒருக்காச் சொல்லும். ஒரு கையெழுத்துத்தானே. அவவுக்கும் நல்லது. கட்டுரை போனால் என்ட மகன்ட இடமும் போகும். அவனுக்கும் வயசு போகுது. நீரும் நானும் பிள்ளை பெத்த ஆக்கள், உமக்கு விளங்கும்தானே?"

விளங்கியது. அதுதான் கேவலம். ஒரு கணம் அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அவருடைய பிள்ளையும் எங்கேயோ ஒரு மின்னஞ்சலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு, அந்தப் பிள்ளைக்காக என் பிள்ளையை எடுத்துக் கொடுக்கும்படி அவர் என்னிடமே கேட்கிறார் என்பது உறைத்தது. கேட்டால் இந்தத் தாய் கொடுப்பாள் என்று அவருக்குத் தெரியும். முன்பு தாம்பாளத்தில் வைத்தே கொடுத்திருக்கிறாள்.

"சேர், அது அவ கையெழுத்துங்க" என்றேன். "ஒருக்கா அவ பொருள அவளப் பேச விடாம ஒங்ககிட்ட எடுத்துக் குடுத்துட்டேன். இன்னொருக்கா குடுக்க மாட்டேன்."

அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது. "நீர் ஆரோட கதைக்கிறீர் எண்டு தெரியுதோ?"

அப்போதுதான் கவனித்தேன், நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் பெயர் திரையில் வந்ததுமே எழுந்திருக்கிறேன். என் வீட்டில், என் மேசைக்கு முன்னால், திருத்துகிற பேனையைக் கையில் பிடித்தபடி, யாரும் பார்க்காத இடத்தில் ஒரு தொலைபேசிக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"தெரியுதுங்க சேர்" என்றேன்.